கொப்பரா அரசனும் மூன்று தென்னைகளும்: ஒரு ஜேர்மன் தோட்டக் கம்பனியின் கதை

தன்னாமுனையில் எங்கள் வளவுக்குப் பின்னால் மூன்று பழைய தென்னைகள் நிற்கின்றன. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பை அடித்துப் போட்ட சூறாவளியில் தப்பியவை. அவை மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்பதைச் சின்ன வயதிலேயே கவனித்திருக்கிறேன். குடியிருப்பு வளவில் யாரும் நூல் பிடித்துத் தென்னை வைப்பதில்லை. கிணற்றடியில் ஒன்று, வேலியோரம் ஒன்று என்று வைப்பதுதான் எங்கள் வழக்கம். இந்த மூன்றும் வெள்ளைக்காரத் துரை ஒருவரின் தோட்டத்துக் கடைசி நடுகையில் மிஞ்சியவை. என் அம்மப்பா அந்தத் தோட்டத்தில் தேங்காய் உரித்தவர்.

நிலத்தில் ஊன்றிய அலவாங்கில் தேங்காயைக் குத்தித் திருப்பி, பொச்சைப் பிரித்து எறியும் அவருடைய கை வேகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உடைத்த தேங்காயை வெயிலில் பரப்புவார்கள். மழைக் காலமென்றால் சிரட்டை நெருப்பின் மேல் தட்டுக் கட்டிக் காய வைப்பார்கள். காய்ந்த கொப்பராவைச் சாக்கில் கட்டி அனுப்பிவிடுவார்கள். அது எங்கே போகிறது என்று நான் கேட்டபோது கப்பலுக்கு என்று மட்டும் அம்மப்பா சொன்னார். கப்பலுக்கு அப்பால் என்ன இருந்தது என்று அவருக்கும் தெரியாது.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பல வருடங்களாக வாசித்து வந்ததில் நான் போய்ச் சேர்ந்த இடம் இலண்டன் அல்ல, ஜேர்மனியின் துறைமுக நகரமான ஹம்பேர்க். போய்ச் சேர்ந்த மனிதர் ஜொஹான் சேசார் கோடெஃப்ரோய். ஒரு காலத்தில் ஐரோப்பா அவரைத் தென்கடல்களின் அரசன் என்று அழைத்தது. நாங்கள் வெயிலில் பரப்பும் அதே கொப்பராவை ஓர் உலக வணிகமாக மாற்றியது அவருடைய வீடு. அந்த வணிகம் அவரைத் தூக்கியதும், அவர் விழுந்ததும், அவருக்குப் பின் அந்த நிலங்களுக்கு நடந்ததும் எங்கள் வாவிக்கரையில் இருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய கதை என்று நினைக்கிறேன்.

அகதிக் குடும்பத்தின் வாரிசு

கோடெஃப்ரோய் என்பது ஜேர்மன் பெயரல்ல, பிரெஞ்சுப் பெயர். பிரான்சில் கத்தோலிக்க அரசு புரட்டஸ்தாந்துக்காரரை நெருக்கியபோது ஊரை விட்டு ஓடிய ஹியூகனோட் குடும்பங்களில் ஒன்று அது. பதினெட்டாம் நூற்றாண்டில் அக்குடும்பம் ஹம்பேர்க்கில் வேரூன்றியது. 1766இல் இவருடைய பாட்டனார் ஒரு வணிக நிறுவனத்தைத் தொடங்கினார். ஜேர்மன் லினன் துணியை ஸ்பெயினுக்கும் அமெரிக்கக் கண்டத்துக்கும் அனுப்பி, அங்கிருந்து சீனியும் கோப்பியும் கொண்டுவருவது அதன் தொழில். எல்பா ஆற்றைப் பார்த்த மேட்டில் அந்தப் பாட்டனார் கட்டிய வெள்ளை மாளிகையும் அதைச் சுற்றிய மான் பூங்காவும் இன்றைக்கும் ஹம்பேர்க்கில் உண்டு. இப்போது அது பொதுப் பூங்கா.

நமது கதையின் நாயகர் அந்தக் குடும்பத்தில் அதே பெயரைத் தாங்கிய ஆறாமவர். 1813 ஜூலை 1ஆம் திகதி கீல் நகரில் பிறந்தார். ஹம்பேர்க் அப்போது நெப்போலியனின் படைகள் கையில் இருந்தது. தந்தை 1845இல் இறக்க, 32 வயதில் நிறுவனம் இவர் பொறுப்புக்கு வந்தது.

அவர் பொறுப்பேற்ற காலமும் அவருக்குச் சாதகமாக இருந்தது. 1848இல் கலிபோர்னியாவிலும் 1851இல் அவுஸ்திரேலியாவிலும் தங்கம் அகப்பட்டது. ஐரோப்பாவின் ஏழைகளும் ஆசைப்பட்டவர்களும் கப்பலேறத் துடித்தார்கள். கோடெஃப்ரோய் அவர்களை ஏற்றிச் செல்லக் கப்பல் விட்டார். கப்பல் கட்டும் தளமொன்றையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அவருடைய சகோதரர் அடோல்ஃப், பிற்காலத்தில் உலகின் மிகப் பெரிய கப்பல் கம்பனிகளில் ஒன்றாக வளர்ந்த ஹாபாக்கின் முதல் தலைவர். 1857இல் ஹம்பேர்க்கின் வணிக வீடுகளை அடுக்கடுக்காகச் சாய்த்த பண நெருக்கடியையும் கோடெஃப்ரோய் வீடு தாண்டி நின்றது.

வாசனை கெட்ட எண்ணெயும் ஓர் இளைஞனும்

ஆட்களைக் கொண்டுபோய் இறக்கிய கப்பல் வெறுமையாகத் திரும்பினால் நட்டம். திரும்பி வரும் கப்பலை எதைக்கொண்டு நிரப்புவது என்ற கணக்குத்தான் கோடெஃப்ரோயைப் பசிபிக் தீவுகளுக்குக் கொண்டுபோனது. தென்னமெரிக்காவின் வல்பரைசோவில் அவருக்கு ஏற்கனவே ஒரு கிளை இருந்தது. அங்கிருந்து அவுகுஸ்ட் உன்ஷெல்ம் என்ற முகவர் 1857 அளவில் சமோவாவின் அப்பியா துறைமுகத்தில் நிலையம் அமைத்தார். 1864இல் உன்ஷெல்ம் பிஜியருகே கடலில் மாண்டார். அவருடைய இடத்துக்கு வந்தவர் தியோடோர் வேபர். அப்போது அவருக்கு வயது இருபது.

தீவுகளிலிருந்து அதுவரை தேங்காய் எண்ணெய்தான் வாங்கப்பட்டது. துருவிய தேங்காயைப் பழைய வள்ளத்தில் குவித்து, வெயிலில் புளிக்கவிட்டு, வழியும் எண்ணெயைச் சேர்ப்பார்கள். அது நாறும், நிறம் கெடும். பீப்பாய்க்குப் பஞ்சம், பீப்பாய் ஒழுகவும் செய்யும். எண்ணெயை விட்டுவிட்டுக் காய்ந்த பருப்பையே கப்பலில் ஏற்றுவோம், ஐரோப்பாவில் ஆலையில் ஆட்டிக்கொள்வோம் என்ற மாற்றத்தைப் பசிபிக்கில் பெரிய அளவில் நடைமுறைப்படுத்தியவர் வேபர். 1860களின் பிற்பகுதியில் அது நடந்தது. பீப்பாய் தேவையில்லை, சாக்குப் போதும். எண்ணெய் சவர்க்காரத்துக்கும் மெழுகுதிரிக்கும் போகும். மிஞ்சும் பிண்ணாக்கு ஐரோப்பிய மாடுகளுக்குப் போகும். ஒரே தேங்காய்க்கு இரண்டு சந்தை.

எங்களுக்கு இதில் புதுமை இல்லை. கொப்பரா என்ற சொல்லே மலையாளக் கரையிலும் தமிழ்க் கரையிலும் புழங்கியது. போர்த்துக்கேயர் வாயில் ஏறி ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. எங்கள் முற்றத்து அறிவு அது. ஆனால் முற்றத்து அறிவைக் கப்பலோடும் ஆலையோடும் வங்கியோடும் இணைத்தவன் கையில்தான் இலாபம் தங்கியது.

1870களில் கோடெஃப்ரோயின் முகவர்கள் சமோவா, தொங்கா தொடங்கி கரோலின், மார்ஷல் தீவுகள் வரை பரவியிருந்தார்கள். துணி, கோடரி, புகையிலை, துப்பாக்கி கொடுத்துக் கொப்பரா வாங்கினார்கள். தென்னமெரிக்காவின் மதிப்புக் குறைந்த வெள்ளி நாணயங்களைக் கொண்டுவந்து அவற்றையே தீவுகளின் பணமாகப் புழங்க விட்டார்கள். விற்பவனும் வாங்குபவனும் கடன் கொடுப்பவனும் பணத்துக்குப் பெறுமதி சொல்பவனும் ஒரே ஆளாக இருந்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

துப்பாக்கிக்கு நிலம்

தீவுக்காரர் கொண்டுவந்து தரும் கொப்பராவுக்குக் காத்திருப்பதைவிடத் தானே தோட்டம் போடுவது மேல் என்று வேபர் கணக்குப் போட்டார். கோடெஃப்ரோயும் அதற்கு இணங்கினார். தோட்டத்துக்கு நிலம் வேண்டும். சமோவாவில் நிலம் தனி ஒருவருக்குச் சொந்தமில்லை. குடும்பக் கிளைகளுக்குச் சொந்தம், குடும்பத் தலைவர் அதைக் காப்பவர் மட்டுமே. அவர் தன்னிச்சையாக விற்க முடியாது.

ஆனால் 1860களின் முடிவிலிருந்து 1873 வரை சமோவாவில் பட்டத்துக்காக உள்நாட்டுப் போர் நடந்தது. இரு பக்கத்துக்கும் துப்பாக்கியும் ரவையும் வேண்டும், பசிக்குச் சாப்பாடும் வேண்டும். அவை வணிகரிடம் இருந்தன. தலைவர்களிடம் கொடுப்பதற்கு இருந்தது நிலம் மட்டும். அளக்காத காணிகள் துப்பாக்கிக்குக் கைமாறின. ஒரே காணி இரண்டு மூன்று பேருக்கு விற்கப்பட்டதும் உண்டு.

இந்த விற்பனைகளின் அளவு பின்னால் ஒரு கணக்கெடுப்பில் வெளிப்பட்டது. 1889 பேர்லின் உடன்படிக்கையின்படி அமைந்த நில ஆணைக்குழுவின் முன் வெளிநாட்டவர் கோரிய மொத்த நிலம் சுமார் 17 இலட்சம் ஏக்கர். அது சமோவாத் தீவுகளின் மொத்தப் பரப்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். விசாரித்துப் பார்த்ததில் ஏறக்குறைய 135,000 ஏக்கருக்கு மட்டுமே உரித்து ஏற்கப்பட்டது. அதில் 75,000 ஏக்கர் வரை ஜேர்மனியர் கைக்குப் போனது. அதன் பெரும்பகுதி கோடெஃப்ரோயின் வழி வந்த கம்பனியுடையது. கோரிய அளவோடு பார்த்தால் சிறிய பங்குதான். ஆனால் அவை உப்போலுத் தீவின் வாகான கரையோர நிலங்கள். முலிஃபனுவா, வைத்தெலே, வைலெலே என்ற தோட்டங்களில் தென்னைகள் கோடு பிடித்தாற்போல் எழுந்தன. இளம் தென்னைகளுக்கு நடுவே பருத்தி போட்டார்கள். மரம் உயர்ந்தபின் புல்லைத் தின்ன மாடு விட்டார்கள். மட்டக்களப்புத் தோட்டங்களிலும் தென்னைக்குக் கீழே மாடு மேய்ந்ததை நான் கண்டிருக்கிறேன்.

வேலையாள் யார்? சமோவாக்காரர் வரவில்லை. சொந்த நிலமும் ஈரப்பலாவும் கடலும் இருக்கும்போது அடுத்தவன் தோட்டத்தில் கூலிக்கு ஏன் நிற்க வேண்டும்? எனவே 1860களின் பிற்பகுதியிலிருந்து கில்பேர்ட் தீவுகளிலிருந்தும், பிறகு நியூ ஹெப்ரிடிஸ், சொலமன், நியூ பிரித்தன் பக்கங்களிலிருந்தும் ஆட்களைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். மூன்று வருடம், ஐந்து வருடம் என்று ஒப்பந்தம். வாசிக்கத் தெரியாதவனின் பெருவிரலும் சிலுவைக் கோடும் ஒப்பந்தமாயின. சிலர் விரும்பி வந்தார்கள், சிலர் பஞ்சத்தால் வந்தார்கள், சிலர் ஏமாற்றி ஏற்றப்பட்டார்கள். பிரம்படியும் அபராதமும் தோட்டத்தின் அன்றாடம். இதே பத்தாண்டுகளில்தான் தமிழ்நாட்டிலிருந்து எங்கள் ஆட்கள் மன்னார் வழியாக நடந்து இலங்கையின் மலையகத்துக்கு வந்தார்கள், வழியிலேயே மாண்டார்கள். கடலும் கம்பனியும் வேறு, கணக்கு ஒன்றுதான்.

நூதனசாலை வைத்த வணிகர்

கோடெஃப்ரோயை வெறும் கொள்ளைக்காரனாக எழுதிவிட்டால் வேலை சுலபம். ஆனால் 1861இல் அவர் ஹம்பேர்க்கில் தன் பெயரில் ஒரு நூதனசாலையைத் தொடங்கியிருந்தார். தன் கப்பல் தலைவர்களுக்குச் சிப்பி, மீன், பறவை, ஆயுதம் எல்லாவற்றையும் சேர்த்துவரச் சொன்னார். சம்பளம் கொடுத்து ஆய்வாளரையும் அனுப்பினார். அவர்களில் பேர் பெற்றவர் அமலி டீட்ரிக். ஏழைக் குடும்பத்துப் பெண், முறையான படிப்பில்லாதவர், 1863இலிருந்து ஏறக்குறைய பத்து வருடம் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் தனியாக அலைந்து ஆயிரக்கணக்கான தாவரங்களையும் விலங்குகளையும் சேகரித்தார். 1873இலிருந்து நூதனசாலை தன் ஆய்வேட்டையும் அழகிய படங்களோடு வெளியிட்டது.

அதே டீட்ரிக்கின் பெட்டிகளில் ஆதிக்குடி மக்களின் எலும்புக்கூடுகளும் ஹம்பேர்க்குக்குப் போயின. யாருடைய தாயோ தகப்பனோ கண்ணாடிப் பெட்டிக்குள் எண் போட்டு வைக்கப்பட்டார்கள். கோடெஃப்ரோயின் வீட்டில் அறிவும் வணிகமும் வேறு வேறு அறைகளில் இருக்கவில்லை. நிலத்தை வாங்கிய அதே கப்பல்தான் சிப்பியையும் எலும்பையும் ஏற்றியது.

விழுந்த விதம்

வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு 1870களின் தொடக்கத்தில் அவர் உச்சத்தில் இருந்தார். உள்ளே கணக்கு ஆடத் தொடங்கிவிட்டது. தென்னையைத் தெரிந்தவர்களுக்கு அதன் காரணம் விளங்கும். தென்னை வைத்தவன் காய் பார்க்க ஆறேழு வருடம் காத்திருக்க வேண்டும். அதுவரை காடு வெட்டவும், ஆட்களுக்குச் சாப்பாடு போடவும், கப்பல் விடவும் பணம் போய்க்கொண்டேயிருக்கும். கோடெஃப்ரோய் அந்தப் பணத்தைக் குறுகிய காலக் கடனாக எடுத்துப் போட்டார்.

இன்னொரு பக்கம், ஜேர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவில் நிலக்கரிச் சுரங்கங்களிலும் இரும்பு ஆலைகளிலும் பெருந்தொகையை முடக்கியிருந்தார். 1870 போரில் பிரெஞ்சுக் கடற்படை ஜேர்மன் துறைமுகங்களை மறித்ததில் கப்பல் தொழில் அடிவாங்கியது. 1873இல் வியன்னாவில் தொடங்கிய பங்குச் சந்தைச் சரிவு பேர்லினுக்கும் வந்தது. இரும்புப் பங்குகளின் விலை பாதாளத்துக்குப் போனது. தென்னை அவரைக் கவிழ்க்கவில்லை, இரும்புதான் கவிழ்த்தது. ஆனால் இரும்பு கவிழ்த்த நேரத்தில் கைகொடுக்கத் தென்னை இன்னும் முற்றவில்லை.

1878இல் தென்கடல் சொத்துகளைத் தனியாகப் பிரித்து, ஜேர்மன் வணிக, பெருந்தோட்டக் கம்பனி என்ற பங்குக் கம்பனியாக மாற்றினார். பங்குகளை விற்றுக் கடனை அடைப்பது திட்டம். எதிர்பார்த்தபடி வாங்க ஆள் வரவில்லை. பங்குகள் இலண்டனின் பேரிங் வங்கியிடம் ஈடாகப் போயின. 1879 டிசம்பர் 1ஆம் திகதி, நூறு வருடத்துக்கு மேல் நின்ற கோடெஃப்ரோய் வீடு கொடுப்பனவுகளை நிறுத்தியது.

சமோவாத் தோட்டங்கள் ஆங்கிலேய வங்கியின் கைக்குப் போய்விடும் என்ற நிலையில் பிஸ்மார்க் தலையிட்டார். புதிய கம்பனி ஒன்று அவற்றை எடுத்துக்கொள்ள, அதன் ஆதாயத்துக்கு அரசு உத்தரவாதம் கொடுக்கும் சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. நட்டப்பட்ட பணக்காரனை மக்கள் வரியில் மீட்பதா என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். 1880 ஏப்ரல் 27ஆம் திகதி 128க்கு 112 என்ற வாக்குகளால் அது தோற்றது. பிற்பாடு ஜேர்மன் வங்கியாளர்கள் தனிப்பட்ட முறையில் பணம் போட்டுத் தோட்டக் கம்பனியைத் தங்கள் நாட்டவர் கையில் தக்கவைத்தார்கள். கோடெஃப்ரோயால் அதைத் தன் கையில் வைத்திருக்க முடியவில்லை. நூதனசாலையின் சேகரிப்புகளும் விற்கப்பட்டன. ஒரு பெரும்பகுதி லைப்சிக் நகரத்துக்குப் போனது. 1885 பெப்ரவரி 9ஆம் திகதி, எல்பா கரையில் அவர் இறந்தார். ஜேர்மனி முழுமூச்சில் குடியேற்ற நாடுகளைப் பிடிக்கத் தொடங்கி அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

கம்பனி போனது, நிலம்?

அவர் போனாலும் கம்பனி நின்றது. அவர் நட்ட மரங்கள் காய்க்கத் தொடங்க, மற்றவர்கள் ஆதாயம் பார்த்தார்கள். சமோவாவின் அரசியலில் யார் அரசர் என்று தீர்மானிக்கும் அளவுக்குக் கம்பனியின் கை நீண்டது. 1890இல் சமோவாவில் குடியேறிய ஸ்கொட்லாந்து எழுத்தாளர் ரொபேர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் இந்தக் கம்பனியின் கூத்துகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 1900இல் மேற்குச் சமோவா ஜேர்மன் ஆட்சிக்கு வந்தது. மெலனீசியத் தீவுகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவரும் சலுகை இந்தக் கம்பனிக்கு மட்டும் கிடைத்தது. மற்றத் தோட்டக்காரர் சீனத் தொழிலாளரைத் தேடிப் போனார்கள்.

1914 ஓகஸ்ட் 29ஆம் திகதி நியூசிலாந்துப் படை அப்பியாவில் இறங்கியது. எதிர்த்து ஒரு வெடியும் கேட்கவில்லை. போர்க்காலத்திலேயே கம்பனி கலைக்கப்பட்டது. அதே 1914இல் இலங்கையிலும் ஜேர்மனியரின் சொத்துகள் பறிபோயின. கொழும்பில் விலங்கு வணிகமும் தோட்டங்களும் வைத்திருந்த ஜோன் ஹாகன்பெக் எல்லாவற்றையும் இழந்தார். பின்னாளில் திரும்பி வந்து, இன்றைய தெகிவளை மிருகக்காட்சிசாலைக்கு அடி போட்டவர் அவர்தான். அவரும் ஹம்பேர்க்காரர்.

சமோவாவில் பறித்த தோட்டங்கள் நிலத்தைக் கொடுத்த குடும்பங்களுக்குத் திரும்பவில்லை. போர் இழப்பீடு என்ற பெயரில் நியூசிலாந்து அவற்றை வைத்துக்கொண்டது. 1950களின் பிற்பகுதியில் அவை சமோவாவின் அரச கூட்டுத்தாபனம் ஒன்றின் கைக்கு மாறின. 1962 ஜனவரி 1ஆம் திகதி நாடு சுதந்திரம் பெற்றது. துப்பாக்கிக்குப் போன காணி, ஜேர்மன் கம்பனி, நியூசிலாந்து அரசு, சொந்த அரசு என்று கைமாறியதே தவிர, வம்சாவழியாக அதைக் காத்தவர்களுக்கு நேராகத் திரும்பவில்லை. தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட மெலனீசியரில் பெரும்பாலானோர் திருப்பி அனுப்பப்பட, தங்கிவிட்ட சிலரின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

கோடெஃப்ரோயைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் தோட்டத்துத் துரை போன விதம் நினைவுக்கு வரும். அவர் போனபின் காணி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனது. அங்கே உழைத்தவர்களுக்குக் கிடைத்தது அவரவர் குடியிருந்த துண்டு. அதற்கும் உறுதி எழுத அம்மப்பா கச்சேரிக்கு எத்தனை முறை நடந்தார் என்று அம்மா சொல்லுவார். உறுதி கையில் வந்த அன்று அவர் செய்த முதல் வேலை கிணற்றடியில் ஒரு தென்னம்பிள்ளை வைத்தது. அந்த மரம் சூறாவளியில் போய்விட்டது. துரையின் வரிசையில் மூன்று மட்டும் நிற்கின்றன.

இப்போதும் எங்கள் கரையோரத்துக்கு முதலீடு வருகிறது, குத்தகை வருகிறது, வேலை வருகிறது என்ற பேச்சு அடிக்கடி எழும். வரட்டும், வேலை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நாங்கள் இல்லை. ஆனால் வருகிற கம்பனியிடம் எத்தனை பேருக்கு வேலை என்று மட்டும் கேட்டால் போதாது. காணி யாருடைய பெயரில் எழுதப்படுகிறது, எத்தனை வருடத்துக்கு, கம்பனி விழுந்தால் அது யாரிடம் திரும்பும் என்று முதல் நாளிலேயே கேட்க வேண்டும். தென்கடல்களின் அரசன் என்று பெயர் வாங்கியவரே 66 வயதில் விழுந்தார். கம்பனிகள் விழும். அன்றைக்கு நிலம் யார் கையில் இருக்கும் என்பது, அது எழும்பும்போது எழுதிய கடதாசியில்தான் இருக்கிறது.